யெட்டியின் உடலமைப்பும் ஷெர்ப்பா மக்களின் வாழ்வில் அதன் இடமும்

கேள்வி

வணக்கம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான ஓர் இதழுக்காக, ‘பனிமனிதன்’ என்று நாம் கேள்விப்பட்டிருக்கும் இமயமலை யெட்டியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டுரையோடு ஓர் ஓவியமும் வெளிவர வேண்டும் என்பதால், ஓவியருக்குத் தர வேண்டிய குறிப்புகளைத் திரட்டத் தொடங்கினேன். படக்கதைகளும் விளம்பரங்களும் அதை வெள்ளை உரோமம் போர்த்த பேருருவமாகக் காட்டுகின்றன. மலையேறிகளின் பழைய குறிப்புகளிலோ அது செம்பழுப்பு நிறத்தில், கூம்பிய தலையுடன், முழங்காலைத் தொடும் கைகளுடன் வருகிறது. பாதங்கள் பின்னோக்கித் திரும்பியவை என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

யெட்டி உண்மையில் உள்ளதா என்ற விவாதம் எனக்குத் தேவையில்லை. இந்த உடலின் எந்தெந்தப் பகுதி மலைவாழ் மக்களின் கதைகளிலிருந்து வந்தது, எது வெளியிலிருந்து ஒட்டவைக்கப்பட்டது என்பதையே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அத்துடன், அந்த மக்களின் சமயத்திலும் அன்றாட வாழ்விலும் அதற்கு என்ன வேலை இருந்தது என்பதையும் விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

முதலில் அந்த வெள்ளை உரோமத்தை நீக்கிவிடச் சொல்லுங்கள். ஷெர்ப்பா மக்களின் கதைகளில் யெட்டி பனியில் வாழ்வதில்லை. காடு முடிந்து பாறையும் புல்லும் தொடங்கும் இடமே அதன் இருப்பிடம். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்து செல்லும்போது மட்டும் அது பனிக்கு வருகிறது. வெளியாட்கள் தடங்களைக் கண்ட இடம் பனி என்பதால், விலங்கின் வீடும் பனிதான் என்று முடிவுகட்டி, துருவப் பகுதி விலங்குகளின் நிறத்தை அதற்குப் பூசிவிட்டார்கள். கிழக்கு நேபாளத்தின் கும்பு பகுதியில் கேட்டு எழுதப்பட்ட விவரணைகள் பெரும்பாலும் செம்பழுப்பு அல்லது கருமை கலந்த நிறத்தையே சொல்கின்றன.

யெட்டி ஒரே வகையும் அன்று. ‘ஜூ-தே’ என்பது பெரியது. யாக் எருதுகளையும் பிற கால்நடைகளையும் அடித்துத் தின்பது. ‘மி-தே’ ஏறக்குறைய மனிதனின் உயரம் கொண்டது, மனிதனுக்குக் கேடு செய்யக்கூடியது, அதனால் கூடுதலாக அஞ்சப்படுவது. உங்கள் ஓவியர் இவற்றுள் எதை வரையப்போகிறார் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்வது நல்லது; படங்களில் நாம் காணும் உருவம் முதலாவதின் பருமனையும் இரண்டாவதின் நடையையும் கலந்து செய்யப்பட்டது.

இனி உறுப்புகளுக்கு வருகிறேன். தலையின் நீண்ட மயிர் முன்புறமாகச் சரிந்து கண்களை மறைக்கும் என்கிறார்கள். ஆகவே யெட்டி துரத்தினால் சரிவில் கீழ்நோக்கி ஓட வேண்டும், அது இறங்கி வரும்போது மயிர் விழுந்து பார்வை மறைந்துவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெண் யெட்டியாயின் தொங்கும் மார்பகங்கள் இறக்கத்தில் அதன் ஓட்டத்தைத் தடுக்கும் என்பது இதே அறிவுரையின் மற்றொரு வடிவம். பின்னோக்கிய பாதங்கள், தடத்தைத் தொடர்ந்து செல்பவனைத் தவறான திசைக்கு இட்டுச்செல்லும். அதன் சீழ்க்கை ஒலியும் கடுமையான நாற்றமும் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் வருகையை உணர்த்திவிடும். யாக்கின் கொம்பைப் பிடித்துக் கழுத்தை முறிக்கும் அளவுக்கு அதன் கைகளில் வலிமை உண்டு என்பார்கள். 1974-ல் கோக்யோ பள்ளத்தாக்கிலுள்ள மச்செர்மோ மேய்ச்சல் நிலத்தில், யாக் மேய்த்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் தாக்கப்பட்டதாகவும் யாக்குகள் கொல்லப்பட்டதாகவும் பரவிய செய்தியும் இந்த விவரத்தோடு சேர்த்தே இன்றுவரை சொல்லப்படுகிறது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். மேய்ச்சலுக்குத் தனியே செல்பவர் எதைக் கண்டு எச்சரிக்கையாக வேண்டும், எத்திசையில் ஓட வேண்டும், எந்தத் தடத்தைப் பின்தொடரக் கூடாது என்பதற்கான விடைகளே அங்கு உறுப்புகளாகி நிற்கின்றன. இதைக் கட்டுரையில் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். என் பார்வையில் இதுவே யெட்டியின் உடலமைப்பின் சாரம்.

வெளியாட்கள் கண்ட உடல் வேறு வழியில் வளர்ந்தது. காத்மாண்டுவில் பிரித்தானியப் பிரதிநிதியாக இருந்த பிரையன் ஹாட்ஜ்சன், நிமிர்ந்து நடக்கும், வாலில்லாத, உரோமம் அடர்ந்த ஓர் உயிரைக் கண்டு தம் வேட்டைக்காரர்கள் அஞ்சி ஓடியதாக 1832-ல் எழுதினார். அது ஒராங்குட்டானாக இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். 1921-ல் சார்லஸ் ஹோவர்ட்-பரி தலைமையில் எவரெஸ்ட்டுக்கு வழி தேடிச் சென்ற குழு லக்பா லா கணவாயில் தடங்களைக் கண்டது. ஓநாயின் தடமாக இருக்கலாம் என்று அவர் கருதினார். சுமைதூக்கிகளோ காட்டு மனிதனின் தடம் என்றார்கள். கல்கத்தாவின் செய்தித்தாள் வழியாக அந்த இரண்டாவது விளக்கமே உலகெங்கும் பரவியது. 1951-ல் மலையேறிகளான எரிக் ஷிப்டனும் மைக்கேல் வார்டும் மென்லுங் பனியாற்றில் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தடத்தைப் பனிக்கோடரியின் அருகில் வைத்துப் படம்பிடித்தார்கள். மேலைநாடுகள் வரைந்த யெட்டி அந்த ஒற்றைப் பாதத்தின் மேல் எழுந்த உருவம் என்றே சொல்லலாம்.

மறுமொழி 2

மேலே எழுதிய நண்பர் கதைகளின் பக்கத்தை நன்றாக விளக்கியிருக்கிறார். நான் விலங்கியல் பயின்றவன் என்பதால் தடங்களையும் எலும்புகளையும் குறித்துச் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

கரடியும் மனிதனைப் போலவே உள்ளங்கால் முழுவதையும் தரையில் பதித்து நடப்பது. நடக்கும்போது அதன் பின்கால் பல நேரங்களில் முன்கால் பதிந்த இடத்தின் மேலேயே, சற்றுத் தள்ளி, பாதி ஏறியவாறு விழும். இரண்டு தடங்கள் இணைந்து நீண்ட ஒரே தடமாகி, நான்கு கால்களால் நடந்த விலங்கு இரண்டு கால்களால் நடந்ததுபோன்ற வரிசையை விட்டுச்செல்லும். அதன் மேல் வெயில் பட்டால் விளிம்புகள் உருகித் தடம் அகலும், நகக்குறிகள் மறையும், விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருவிரல்போலத் தோன்றும். 2019 ஏப்ரலில் மக்காலு அடிவார முகாமின் அருகே 32 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் கொண்ட தடங்களைத் தன் மலையேற்றக் குழு கண்டதாக இந்திய இராணுவம் படங்களுடன் அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அத்தகைய அளவுகளைப் படிக்கும்போது, பனியில் பதிந்த தடம் பாதத்தின் உண்மையான அளவைக் காட்டுவதில்லை என்பதை மாணவர்களுக்கு விளக்குவது பயனுள்ளது.

பின்னோக்கிய பாதங்களைப் பற்றி என் ஊகம் ஒன்றையும் சொல்கிறேன். மனிதனுக்குப் பெரிய விரல் பாதத்தின் உட்புறத்தில் இருக்கிறது. கரடிக்கோ பொதுவாக வெளிப்புற விரலே பெரியது. எனவே கரடியின் இடது தடம் நம் கண்ணுக்கு வலது பாதம்போலத் தெரியும். மனிதத் தடத்தையே அளவுகோலாக வைத்து ஒருவர் பார்த்தால், ஏதோ முறைமாறிக் கிடப்பதாகத்தான் அவருக்குத் தோன்றும். கதையில் வரும் திரும்பிய பாதத்திற்கு இதுவே மூலம் என்று நிறுவ இயலாது. ஆயினும் தடங்களைக் கூர்ந்து பார்க்கும் மேய்ப்பர்கள் வாழும் இடத்தில் இப்படியொரு எண்ணம் பிறப்பதை நான் இயல்பாகவே காண்கிறேன்.

நிறமும் பொருந்திவருகிறது. இமயமலைப் பழுப்புக் கரடியின் உரோமம் மணல் நிறத்திலிருந்து செம்பழுப்புவரை இருக்கும். இமயமலைப் பழுப்புக் கரடி, திபெத்தியப் பழுப்புக் கரடி, ஆசியக் கருங்கரடி ஆகிய மூன்றுமே யெட்டியின் எச்சங்கள் எனப்பட்ட பொருட்களில் அகப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் சார்லட் லிண்ட்க்விஸ்ட்டின் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், யெட்டியினுடையவை என்று பாதுகாக்கப்பட்ட எலும்பு, பல், தோல், உரோமம் முதலிய 9 மாதிரிகளின் மரபணு ஆராயப்பட்டது. எட்டு கரடிகளுடையவை, ஒன்று நாயினுடையது. எனக்கு அந்த ஆய்வில் மிகவும் பிடித்தது அதன் துணைப்பயன்: இமயமலைப் பழுப்புக் கரடி ஏறத்தாழ 6,50,000 ஆண்டுகளுக்கு முன்பே பிற பழுப்புக் கரடிகளிலிருந்து பிரிந்த தொன்மையான கிளை என்பது அதே மாதிரிகளின் உதவியால் தெளிவானது. இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் அந்த உயிரைப் பற்றிய அறிவு யெட்டியைத் தேடியதால் வளர்ந்தது.

அழிந்துபோன ஜைகான்டோபித்தகஸ் என்னும் மாபெரும் குரங்கின் எச்சமே யெட்டி என்று எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் குரங்கின் கீழ்த்தாடைகள் நான்கும் ஏராளமான பற்களும் மட்டுமே கிடைத்திருக்கின்றன. கழுத்துக்குக் கீழே ஓர் எலும்பும் கிடைக்காததால், அது இரண்டு கால்களால் நடந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அது தென்சீனத்துக் காடுகளில் இலை, தண்டு, பழங்களைத் தின்று வாழ்ந்தது. பல்லின் புரதங்களை ஆராய்ந்து, ஒராங்குட்டானின் உறவினம் அது என்று 2019-ல் காட்டினார்கள். அவ்வளவு பெரிய தாவரவுண்ணி மரங்களற்ற 5,000 மீட்டர் உயரத்தில் எதைத் தின்று, தன் இனத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்க முடியும் என்ற கேள்விக்கு அக்கருத்தைச் சொல்பவர்களிடம் விடை இல்லை.

கூம்பிய தலைக்கும் ஒரு விளக்கம் தேவை. ஆண் கொரில்லாவின் மண்டையோட்டின் உச்சியில் எலும்பு மேடு ஒன்று உண்டு. வலிய தாடைத் தசைகள் பற்றிக்கொள்ள அது இடம் தருகிறது. கும்பு பகுதியின் கும்ஜுங் என்னும் ஊரிலுள்ள மடத்திலிருந்த கூம்பு வடிவ ‘உச்சந்தலைத் தோலை’ 1950-களில் பார்த்த வெளிநாட்டவர்கள் கொரில்லாவின் அந்த மேட்டையே நினைத்துக்கொண்டார்கள். அத்தோலின் கதையைச் சமயம் அறிந்தவர்கள் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 3

கும்ஜுங் தோலுக்கு வருமுன், கும்பு பகுதியிலேயே உள்ள பாங்போசே மடத்தின் கதையிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது.

பாங்போசே மடத்தைத் தோற்றுவித்தவராகக் கருதப்படும் லாமா சங்வா தோர்ஜே குகையில் தவமிருந்தபோது, ஒரு யெட்டி அவருக்கு உணவும் நீரும் விறகும் கொண்டுவந்து தொண்டு செய்ததாகவும், அது இறந்தபின் அதன் தலைத்தோலையும் கையையும் அவர் நினைவாகப் பேணியதாகவும் மரபு சொல்கிறது. யாக்கைக் கொல்லும், மனிதனை அச்சுறுத்தும் அதே உயிர் இங்கே துறவிக்குத் தொண்டனாகிறது. கும்பு பகுதியின் பௌத்தத்தில், ஊர் வருவதற்கு முன்பே மலையை ஆண்ட கொடிய ஆற்றல்கள் அழிக்கப்படுவதில்லை; வணக்கத்தால் வசப்படுத்தப்பட்டு, அறத்தைக் காக்கும் பணியில் அமர்த்தப்படுகின்றன. யெட்டியின் கையும் தோலும் மடத்துக்குள் வந்தது இந்த ஒழுங்கின்படியே.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் உண்டு. யெட்டிகள் பயிரையும் மந்தையையும் அழித்ததால் ஊர்மக்கள் ஒரு சூழ்ச்சி செய்தார்கள். அவை மறைந்திருந்து பார்க்கும் இடத்தில் பார்லி மதுவான சாங்கைக் குடிப்பதுபோலவும், மரவாள்களால் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வதுபோலவும் நடித்துவிட்டு, இரவில் நிறைய மதுவையும் உண்மையான வாள்களையும் விட்டுச்சென்றார்கள். கண்டதைச் செய்து பார்க்கும் இயல்புடைய யெட்டிகள் குடித்து, வெட்டிக்கொண்டு மாண்டன. தப்பியவை எட்டாத உயரங்களுக்குப் போய் மனிதர் கண்ணில் படாமல் வாழ்கின்றன. யெட்டி ஏன் இவ்வளவு ஒதுங்கி வாழ்கிறது என்பதற்கு ஷெர்ப்பா மக்கள் தரும் காரணம் இதுதான். இக்கதையில் குற்றமுள்ள தரப்பு மனிதர்களே; உயிர்க்கொலை பெரும்பாவம் என்று நம்பும் சமூகம் அதை மறைக்காமல் சொல்லிவருவது என்னை மிகவும் கவர்ந்த செய்தி. யெட்டியைக் காண்பது தீநிமித்தம், நோயோ மரணமோ தொடரும் என்னும் நம்பிக்கையையும் இக்கதையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்க்கவேண்டும் என்று அயலார் படையெடுத்து வந்தபோது, வழிகாட்டிகளாகச் சென்ற ஷெர்ப்பாக்களின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்பதை நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன்.

அயலாரின் தேடல் 1950-களில் உச்சத்தை எட்டியது. காத்மாண்டுவின் அமெரிக்கத் தூதரகம் 1959 நவம்பரில் தொகுத்த குறிப்பின்படி, யெட்டியைத் தேடிச் செல்லும் குழு நேபாள அரசுக்கு 5,000 இந்திய ரூபாய் செலுத்தி அனுமதி பெற வேண்டும். படமெடுக்கலாம், உயிருடன் பிடிக்கலாம், தற்காப்பு தேவைப்பட்டாலன்றிக் கொல்லக் கூடாது. பிடிபட்டது அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அதே காலத்தில் அமெரிக்க எண்ணெய்ச் செல்வந்தர் டாம் ஸ்லிக்கின் தேடல் குழுவைச் சேர்ந்த ஒருவர் பாங்போசே கையிலிருந்து விரல் ஒன்றைப் பெற்று, நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல வழி செய்தார். அது இலண்டனில் பல்லாண்டுகள் கிடந்து, 2011-ல் மரபணு ஆய்வுக்கு உட்பட்டபோது மனித விரல் என்று தெரிந்தது. மடத்திலிருந்த கையோ 1990-களில் களவுபோனது. ஒரு மடத்தின் திருப்பொருள் இப்படிச் சிதைக்கப்பட்டதைச் சாகசக் கதையாக எழுதுவோர்மீது எனக்கு வருத்தம் உண்டு. உங்கள் கட்டுரை அந்தத் தொனியைத் தவிர்க்கும் என்று நம்புகிறேன்.

எட்மண்ட் ஹிலாரி 1960-ல் வந்தபோது நடந்துகொண்ட முறை இதனினும் மேலானது. கும்ஜுங் தலைத்தோலை ஊராரின் இசைவோடு கடனாகப் பெற்றார். ஊர்ப் பெரியவரான குஞ்சோ சும்பி உடன்சென்று, சிகாகோ, பாரிஸ், இலண்டன் நகரங்களில் அதை அறிஞர்களுக்குக் காட்டித் திரும்பக் கொண்டுவந்தார். ஆடும் மானும் கலந்ததுபோல இருக்கும் செரோ என்னும் மலைவிலங்கின் தோலை அச்சில் இட்டு வளைத்துச் செய்த பொருள் அது என்பது முடிவாயிற்று. ‘யெட்டித் தோல்’ என்று அக்குழுவினர் பெற்றவை திபெத்தியப் பழுப்புக் கரடியின் தோல்கள்.

யெட்டியின் எல்லை ஷெர்ப்பா நாட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. சிக்கிமின் லெப்சா மக்கள் பனியாற்றில் உறையும் இத்தகைய ஓர் உயிரை வேட்டையின் தெய்வமாக வணங்கியிருக்கிறார்கள். பூட்டானில் அது ‘மிகோய்’. அந்நாட்டின் கிழக்கிலுள்ள சக்தெங் சரணாலயம், பிரோக்பா மேய்ப்பர்களின் நிலத்தில் மிகோயின் வாழிடத்தையும் காப்பதாகச் சொல்லப்படும் இடமாகப் புகழ்பெற்றது. 1966-ல் பூட்டான் யெட்டிக்கு அஞ்சல்தலைகளையே வெளியிட்டது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மூன்றாவதாக எழுதியவரிடம் மட்டும் ஓர் ஐயம். தலைத்தோல் செரோவின் தோல்தான் என்று உறுதியான பிறகு, கும்ஜுங் மக்கள் அதை என்ன செய்தார்கள்? அதன் மதிப்பு குறைந்ததா? மாணவர்கள் இதை நிச்சயம் கேட்பார்கள்.

மறுமொழி 3-ஐ எழுதியவர்

அது இன்றும் கும்ஜுங் மடத்தில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. எவரெஸ்ட் பாதையில் செல்லும் பயணிகள் காணிக்கை செலுத்திக் கண்ணாடி வழியே அதைப் பார்க்கிறார்கள். ஆய்வகம் கேட்ட கேள்வி, இந்தத் தோல் எந்த விலங்கினுடையது என்பது. மடத்தைப் பொறுத்தவரை ஒரு திருப்பொருளின் தகுதி, யார் கையிலிருந்து அது வந்தது, எத்தனை தலைமுறைகள் அதன் முன்னே வணங்கின என்பவற்றைச் சார்ந்தது. முதல் கேள்விக்குக் கிடைத்த விடை இரண்டாவதைத் தொடவில்லை. பௌத்த மடங்களில் மண்ணாலும் உலோகத்தாலும் செய்த உருவங்கள், செய்யப்பட்டவை என்று தெரிந்தே வணங்கப்படுகின்றன; செரோத் தோலால் செய்யப்பட்ட யெட்டித் தலையையும் அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் மாணவர்களுக்கு எளிதில் விளங்கும் என்று நினைக்கிறேன்.

பயனும் ஒன்று நேர்ந்தது. அந்தப் பயணத்தை ஒட்டி, 1961-ல் ஹிலாரியின் முயற்சியால் கும்ஜுங்கில் பள்ளி திறக்கப்பட்டது. கும்பு பகுதியில் அவர் எழுப்பிய பள்ளிகளுள் அதுவே முதலாவது. தலைத்தோல் இருக்கும் மடமும் அந்தப் பள்ளியும் ஒரே ஊரில் இருப்பதை உங்கள் கட்டுரையில் குறிப்பிடலாம்.

மறுமொழி 2-ஐ எழுதியவர்

ஓவியத்திற்கு ஒரு சிறு குறிப்பு. பின்னணியில் பனிமுகட்டுக்குப் பதிலாக, ரோடோடென்ட்ரான் புதர்கள் குட்டையாகி முடியும் இடத்தையும், கல்சுவர் எழுப்பிய யாக் பட்டி ஒன்றையும் வரையச் சொல்லுங்கள். உருவம் பாதி மறைந்திருக்கட்டும். முகத்தில் மயிர் விழட்டும். தடங்களை வரைவதாயின் கரடியின் தடத்தை ஒருபுறமும் மனிதத் தடத்தை மறுபுறமும் தனிக் கட்டத்தில் வைத்து, பெரிய விரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அம்புக்குறியால் காட்டினால், மாணவர்கள் தாங்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.